சஸ்காச்சுவானின் ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் நடுப்பகுதியில் உள்ள சஸ்காச்சுவான் மாகாணத்துக்குக் குடிபெயர்வோரும், அங்கே படிக்க வருவோரும், புவியியலில் ஆர்வமுள்ளோரும் அதன் ஊர்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். ஓர் ஊரின் பெயரையும் மக்கள்தொகையையும் தெரிந்துகொள்வதால் மட்டும் அந்த ஊரை அறிந்துவிட முடியாது. அது ஏன் அந்த இடத்தில் தோன்றியது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதை மனத்தில் வைத்தே இப்பதில்களை எழுதியிருக்கிறேன்.

இந்த மாகாணம் எவ்வளவு பெரியது? எத்தனை பேர் வாழ்கிறார்கள்?

பரப்பளவு சுமார் 6,51,000 சதுர கிலோமீட்டர். அதாவது பிரான்சைவிடப் பெரியது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே வாழ்ந்தோர் 11,32,505 பேர். இவர்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் சாஸ்கடூன், ரிஜைனா என்னும் இரண்டு நகரங்களில் மட்டும் இருக்கிறார்கள். மீதமுள்ளோர் சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் பண்ணைகளிலும் பழங்குடி நாடுகளின் (பழங்குடிச் சமூகங்களை அங்கே இப்படி அழைக்கிறார்கள்) நிலங்களிலும் பரவி வாழ்கிறார்கள். மாகாணத்தின் நான்கு எல்லைகளில் ஒன்றுகூட ஆற்றையோ மலையையோ கடலையோ ஒட்டி அமைந்ததன்று. தெற்கே 49-ஆம் அட்சக்கோடும் வடக்கே 60-ஆம் அட்சக்கோடும் எல்லைகளாக உள்ளன. கிழக்கும் மேற்கும் நில அளவையாளர்கள் வரைந்த கோடுகள். 1905 செப்டம்பர் 1-ஆம் நாள் மாகாணம் உருவானபோது இருந்த இந்தக் கட்டம் போட்ட தோற்றம் ஊர்களின் அமைப்பிலும் தெரிகிறது.

வெளியிலிருந்து பார்ப்போர் எந்த ஊர்களை அறிந்திருக்கிறார்கள்?

பெரும்பாலும் தலைநகர் ரிஜைனாவையும், பல்கலைக்கழகத்தால் சாஸ்கடூனையும் மட்டும் அறிந்திருக்கிறார்கள். சிலர் மூஸ் ஜா என்ற பெயரை அதன் வினோதத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். அந்த ஊரில் 1984 முதல் நிற்கும் மாபெரும் மூஸ் (பெரிய மான் வகை) சிலை உலகிலேயே உயரமானது என்ற பெருமையை 2015-ல் நார்வே நாட்டுச் சிலை ஒன்றிடம் இழந்தது. 2019-ல் அதற்குப் புதிய, பெரிய கொம்புகளைப் பொருத்தி ஊர்மக்கள் அந்தப் பெருமையை மீட்டுக்கொண்டார்கள். முப்பத்து மூவாயிரம் பேர் வாழும் ஒரு நகரம் தன் அடையாளத்தை எவ்வளவு உறுதியாகப் பேணுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

தலைநகரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்போர் 'ரெஜினா' என்பார்கள். உள்ளூரில் அது 'ரிஜைனா'தான். ஒருவர் அப்பெயரைச் சொல்லும் விதத்திலேயே அவர் உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்பது தெரிந்துவிடும்.

நகரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

சட்டப்படி ஐயாயிரம் பேர் வாழும் ஊர் நகரத் தகுதி பெறலாம். இம்மாகாணத்தில் அவ்வாறு தகுதி பெற்றவை 16. மெல்வில் என்ற நகரத்தில் இன்று சுமார் 4,500 பேரே வாழ்கிறார்கள். ஆயினும் ஒருமுறை பெற்ற தகுதி நீடிக்கிறது. லாய்ட்மின்ஸ்டர் என்ற நகரத்தின் ஒரு பகுதி அல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கிறது. எல்லைக்கோடு நகரத்தின் ஊடே செல்கிறது, நகர மன்றமோ ஒன்றுதான். சஸ்காச்சுவானின் பிற பகுதிகளில் பெரும்பாலும் கடிகாரத்தை ஆண்டு முழுவதும் மாற்றுவதில்லை. இந்நகரமோ அல்பர்ட்டாவின் வழக்கப்படி வசந்தத்தில் முன்னும் இலையுதிர்காலத்தில் பின்னும் நகர்த்திக்கொள்கிறது.

இவ்வளவு குறைந்த மக்கள்தொகைக்கு ஏன் இத்தனை சிற்றூர்கள்?

இக்கேள்விக்கான விடையைப் பிடித்துக்கொண்டால் மாகாணத்தின் தென்பாதி வரைபடம் முழுவதும் விளங்கிவிடும். ஆற்றங்கரையிலோ கோட்டையைச் சுற்றியோ சந்தை கூடும் இடத்திலோ ஊர்கள் மெல்ல வளர்வதுதான் உலகின் பல பகுதிகளில் வழக்கம். சஸ்காச்சுவானின் தென்பாதியிலோ பெரும்பாலான ஊர்களை ரயில்வே நிறுவனங்களே வைத்தன. 1872-ல் கனடா அரசு கொண்டுவந்த நிலச் சட்டத்தின்படி, பத்து டாலர் பதிவுக் கட்டணம் செலுத்திய ஒரு குடியேறி 160 ஏக்கர் நிலத்தைப் பெற்று, அங்கே வீடு கட்டி, மூன்றாண்டுகள் தங்கி உழுதால் அந்நிலம் அவருக்குச் சொந்தமாகும். நிலம் முழுவதையும் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரத்தையும் 36 துண்டுகளாகவும் அளந்து வைத்திருந்தார்கள்.

விளைந்த கோதுமையைக் குதிரை வண்டியில் ஏற்றி, ரயிலடியில் இறக்கி, அன்று இரவே வீடு திரும்ப வேண்டுமானால் நிலையம் அதிகத் தொலைவில் இருக்கக் கூடாது. ஆகவே பத்து முதல் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையங்கள் அமைந்தன. நிலையத்தை ஒட்டித் தானியத்தை மேலே ஏற்றிச் சேமித்து ரயில்பெட்டியில் கொட்டும் உயரமான மரக் கட்டடம் எழுந்தது. அதை இங்கே 'எலிவேட்டர்' என்கிறார்கள். அதன் அருகே ஒரு மளிகைக் கடை, ஓர் அஞ்சலகம், ஒரு பள்ளி, ஒரு தேவாலயம். ஊர் அவ்வளவுதான். 1930-களில் மாகாணத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் நின்றன. சமவெளியில் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே கண்ணில் படும் அந்தக் கட்டடங்களின் பக்கவாட்டில் ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் தீட்டியிருந்தார்கள். பயணிக்கு அதுவே வழிகாட்டிப் பலகை.

அகரவரிசையில் ஊர்கள் இருக்கின்றன என்பது உண்மையா?

உண்மை. கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில்வே நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இவ்வழியே தண்டவாளம் போட்டபோது, நூற்றுக்கணக்கான நிலையங்களுக்குக் குறுகிய காலத்தில் பெயர் தேவைப்பட்டது. ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையில் பெயர் வைத்துக்கொண்டே மேற்கு நோக்கிச் சென்றார்கள். மாகாணத்தின் கிழக்குப் பகுதியில் ஆட்வாட்டர், பாங்கர், கேனா என்று தொடங்கி, ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்யூனா, ஜாஸ்மின், கெல்லிஹர், லெஸ்டாக் என்று நகர்ந்து, பன்னிச்சி, குவின்டன், ரேமோர், செமன்ஸ், டேட் ஆகியவற்றைக் கடந்து, அண்டோரா (Undora), வென், வாட்ரஸ், ஜீனா (Xena), யங், செல்மா (Zelma) என்று கடைசி எழுத்தை அடைகிறது வரிசை. செல்மாவுக்கு அடுத்து ஆலன், பிராட்வெல், கிளாவெட் என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. இடையிடையே மெல்வில், நொக்கோமிஸ் போன்ற பெயர்கள் ஒழுங்கை மீறி நிற்கின்றன.

இந்த வரிசையை மனப்பாடம் செய்தவர், ரயில் எந்தத் திசையில் செல்கிறது, இன்னும் எத்தனை நிலையங்கள் உள்ளன என்பதைப் பெயரைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் இதில் வருத்தம் தரும் பக்கமும் உண்டு. பெயர் சூட்டியோர் அந்நிலத்தில் ஏற்கெனவே வழங்கிய பெயர்களைப் பெரும்பாலும் கேட்கவில்லை. மேலும், வரிசையில் உள்ள பல இடங்களில் இன்று சில வீடுகளே எஞ்சியுள்ளன. சிலவற்றில் அவையும் இல்லை. எழுத்து இருக்கிறது, ஊர் இல்லை.

பழைய பெயர்கள் எங்கேனும் எஞ்சியிருக்கின்றனவா?

இருக்கின்றன. மாகாணத்தின் பெயரே விரைந்தோடும் ஆறு என்று பொருள்படும், கிரீ என்னும் பழங்குடி மக்களின் மொழித் தொடரிலிருந்து வந்தது. தென்மேற்கில் உள்ள ஸ்விஃப்ட் கரன்ட் நகரத்தின் பெயரும் அதே பொருளைத்தான் ஆங்கிலத்தில் சொல்கிறது. இவ்விரு பெயர்களின் உறவை அங்கே வாழ்வோரிலும் பலர் கவனித்ததில்லை. சாஸ்கடூன் என்பது ஆற்றங்கரைப் புதர்களில் காய்க்கும் கருநீலப் பழத்தின் கிரீப் பெயரிலிருந்து பிறந்தது. அந்நகரம் 1880-களின் தொடக்கத்தில் டொராண்டோவிலிருந்து வந்த மதுவிலக்குச் சங்கத்தாரின் குடியேற்றமாகத் தொடங்கியது.

ரிஜைனாவின் கதை வேறு. காட்டெருமை வேட்டைக்குப் பின் எலும்புகளைக் குவித்து வைத்த இடம் என்பதால் கிரீ மக்கள் அதை எலும்புக் குவியல் என்ற பொருளில் அழைத்தார்கள். 1882-ல் தலைமை ஆளுநரின் மனைவியான இளவரசி லூயிஸ், தம் தாய் விக்டோரியா மகாராணியை நினைத்து, அரசி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லைப் பெயராகச் சூட்டினார். ஆனால் எலும்பைக் குறிக்கும் சொல் 'வஸ்கானா' என்று திரிந்து, நகரின் நடுவே உள்ள ஏரிக்கும் பூங்காவுக்கும் இன்றும் பெயராக நிற்கிறது.

கனோரா என்ற ஊரின் பெயர் கனேடியன் நார்தர்ன் ரயில்வே என்ற மூன்று சொற்களின் முதல் ஈரெழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கியது. எல்போ என்ற சிற்றூர் தெற்கு சஸ்காச்சுவான் ஆறு முழங்கைபோல் மடங்கும் இடத்தில் இருக்கிறது. சற்றுத் தொலைவில் புருவம் என்று பொருள்படும் ஐப்ரோ என்ற ஊர், புருவ வடிவக் குன்று ஒன்றிலிருந்து பெயர் பெற்றது. எஸ்டர்ஹேஸி என்ற ஊர், 1886-ல் ஹங்கேரியக் குடும்பங்களை அழைத்துவந்தவரின் பெயரைத் தாங்கியது. 1960-களுக்குப் பின் அது பொட்டாஷ் என்னும் உரக் கனிமத்தின் சுரங்கத்தால் அறியப்படுகிறது. வெரிகின் என்ற ஊர், 1899-ல் ரஷ்யாவிலிருந்து வந்த டூகோபர் என்ற சமயப் பிரிவினரின் தலைவரது பெயரைத் தாங்கியது. கிராவல்பர்க்கோ சமவெளியின் நடுவே பிரெஞ்சு மொழியையும் பெரிய தேவாலயத்தையும் காத்துவந்த ஊர்.

உள்ளூர் மக்கள் ஊர்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள்?

எண்களாலும் நேரத்தாலும் விளையாட்டாலும் என்று சுருக்கமாகச் சொல்லலாம். தொலைவைக் கிலோமீட்டரில் சொல்வதைவிட மணிக்கணக்கில் சொல்வதே இங்கே வழக்கம். ரிஜைனாவிலிருந்து சாஸ்கடூன் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். இரண்டுக்கும் நடுவே உள்ள டேவிட்சன், அங்கே நிற்கும் பெரிய காபிக் குடுவைச் சிலையால் அறியப்படுகிறது, பாதி வழி வந்தாயிற்று என்பதை அது சொல்கிறது. நெடுஞ்சாலைக்கு அப்பால், நில அளவையின் கட்டத்தை ஒட்டியே மண்சாலைகள் ஓடுகின்றன. வடக்கு தெற்காக ஒவ்வொரு மைலுக்கும், கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்றாகவும் சாலைக்கென நிலம் ஒதுக்கப்பட்டதால், ஒரு பண்ணைக்கு வழி சொல்பவர், வடக்கே மூன்று மைல், பிறகு கிழக்கே இரண்டு மைல் என்று கணக்காகவே சொல்வார்.

விளையாட்டே வலுவான நினைவுக்குறி என்பது என் கருத்து. குளிர்காலத்தில் பனிக்கட்டித் தளம் அமைத்து ஹாக்கி ஆடும் அரங்கு ஏறத்தாழ ஒவ்வோர் ஊரிலும் உண்டு. பிள்ளைகளை ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் ஓர் ஆண்டுக்குள் இருபது ஊர்களின் அரங்குகளை அறிந்துவிடுவார்கள். ஹாக்கி வீரர் கார்டி ஹோ 1928-ல் பிறந்த ஃப்ளோரல் என்ற இடத்தை அவரால்தான் உலகம் அறியும். 1998 ஒலிம்பிக்கில் பனித்தளத்தில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் ஆட்டத்தில் தங்கம் வென்ற அணியின் தலைவி சாண்ட்ரா ஷ்மர்லர் பிகர் என்ற ஊரைச் சேர்ந்தவர்.

2018 ஏப்ரல் 6-ஆம் நாள் ஹம்போல்ட் பிராங்கோஸ் என்ற இளையோர் ஹாக்கி அணி பயணம் செய்த பேருந்து சரக்கு லாரி ஒன்றுடன் மோதி 16 பேர் இறந்தார்கள்; 13 பேர் காயமுற்றார்கள். ஆறாயிரம் பேர் வாழும் ஹம்போல்டின் துயரம் நாடு முழுவதும் பரவியது. கனடா எங்கும் வீட்டு வாசல்களில் மக்கள் ஹாக்கி மட்டைகளைச் சாய்த்து வைத்தார்கள். அதுவரை அந்தப் பெயரைக் கேட்டிராத பலருக்கு ஹம்போல்ட் அறிமுகமானது அப்படித்தான். ஓர் ஊர் இவ்வாறு அறியப்படுவதை அங்கே யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள்.

ஊர்கள் மறைந்துபோனது எப்படி?

1931 கணக்கெடுப்பில் சஸ்காச்சுவானின் மக்கள்தொகை 9,21,785. அப்போது ஒன்டாரியோ, கியூபெக் ஆகியவற்றுக்கு அடுத்து நாட்டிலேயே மூன்றாவது பெரிய மாகாணம் இதுதான். 1971-லும் எண்ணிக்கை ஏறத்தாழ அதே அளவில் நின்றது. 1930-களின் வறட்சியும் மண்புயலும் பல குடும்பங்களை வெளியேற்றின. பிறகு டிராக்டரும் லாரியும் வந்தன. ஒரு குடும்பம் உழுத நிலத்தின் பல மடங்கை ஒருவரே உழ முடிந்தது, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் தேவையற்றுப்போனது. 1995-ல் தானிய ரயில் போக்குவரத்துக்கான மானியத்தை மத்திய அரசு நிறுத்தியதும் கிளைப்பாதைகள் பல மூடப்பட்டன. மர எலிவேட்டர்களை இடித்துவிட்டு, தொலைவுக்கு ஒன்றாக மிகப் பெரிய கான்கிரீட் கிடங்குகளைக் கட்டினார்கள். ரயிலுக்காகப் பிறந்த ஊர், ரயில் போனதும் காரணமின்றி நின்றது. முதலில் எலிவேட்டர், பிறகு பள்ளி, பிறகு அஞ்சலகம் என்ற வரிசையில் இழப்பு வந்தது.

1946-ல் தொடங்கி மாகாண அரசே நடத்திவந்த பேருந்து நிறுவனம் 2017 மே 31-ஆம் நாள் மூடப்பட்டதை இதனுடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். கார் ஓட்ட இயலாத முதியோரும், மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகளும் அதை நம்பியிருந்தார்கள். சிற்றூர்களை ஒன்றோடொன்று இணைத்த அந்தச் சேவை நின்றதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

வடக்கே உள்ள ஊர்கள் எப்படிப்பட்டவை?

மாகாணத்தின் வடபாதி கோதுமை வயலன்று. பாறையும் காடும் ஏரிகளும் நிறைந்தது. நிலத்தில் பாதியளவு இருந்தும், மக்களில் நூற்றுக்கு மூவர் அளவினரே அங்கே வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் கிரீ, டெனே என்னும் பழங்குடி மக்களும், பழங்குடியினருக்கும் ஐரோப்பியருக்கும் பிறந்தோரின் வழிவந்த மெட்டி மக்களும். பிரின்ஸ் ஆல்பர்ட் நகரத்தை வடக்கின் வாயில் என்பார்கள். அதற்கு அப்பால் லா ரோஞ்ச் முக்கியமான ஊர். அதாபாஸ்கா ஏரிக்கரையில் உள்ள யுரேனியம் சிட்டியில் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். 1982-ல் சுரங்கம் மூடப்பட்ட பின் மக்கள்தொகை நூறுக்கும் கீழே போய்விட்டது. அங்கே செல்ல விமானமும், குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மீது அமைக்கும் பனிச்சாலையுமே வழி. தெற்கே வாழ்வோருள் பலர் வடக்கின் ஊர்களைப் பெயரளவில்கூட அறிவதில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஊர்ப் பட்டியல்களில் எவை விடுபடுகின்றன?

நகரம், பேரூர், கிராமம் என்று வகுக்கும் பட்டியல்கள் பழங்குடி நாடுகளின் குடியிருப்புகளைப் பெரும்பாலும் தனியே ஒதுக்கிவிடுகின்றன. அரசுக்கும் பழங்குடி நாடுகளுக்கும் இடையே 1874-ல் கப்பெல் பள்ளத்தாக்கில் நான்காம் உடன்படிக்கையும், 1876-ல் கார்ல்டன் கோட்டையிலும் பிட் கோட்டையிலும் ஆறாம் உடன்படிக்கையும் கையெழுத்தாயின. ரயில் வந்தது அவற்றுக்குப் பிறகுதான். பட்டோஷ் என்ற சிறு குடியிருப்பில் 1885 மே 9 முதல் 12 வரை மெட்டி மக்கள் கனடா அரசின் படையை எதிர்த்து நின்றார்கள். அவர்களின் தலைவர் லூயி ரியேல் அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ரிஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். இன்று ரிஜைனாவையும் சாஸ்கடூனையும் இணைக்கும் நெடுஞ்சாலை அவர் பெயரைத் தாங்குகிறது.

2021 ஜூனில் கௌவெசஸ் பழங்குடி நாடு, பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த மரிவல் உறைவிடப் பள்ளி இருந்த இடத்தில் ரேடார் ஆய்வில் 751 அடையாளமற்ற புதைகுழிகள் கண்டறியப்பட்டதாக அறிவித்தது. அந்த இடத்தின் பெயரை அதற்கு முன் எத்தனை பேர் அறிந்திருந்தோம் என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சிற்றூர்கள் உலகுக்குத் தந்தவை ஏதேனும் உண்டா?

நிறையவே உண்டு, அவற்றுள் மருத்துவக் காப்பீடே தலையாயது. வெய்பர்ன் என்ற ஊரில் போதகராக இருந்து அரசியலுக்கு வந்த டாமி டக்ளஸ் 1944 முதல் 1961 வரை மாகாண முதல்வராக இருந்தார். 1946-ல் ஸ்விஃப்ட் கரன்ட் வட்டாரம் தன் மக்கள் அனைவருக்கும் மருத்துவச் செலவை ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே கிடைத்த அனுபவத்தின் துணையோடு 1962 ஜூலை 1-ஆம் நாள் திட்டம் மாகாணம் முழுவதற்கும் விரிந்தபோது, மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திட்டம் நிலைத்தது, பின்னர் நாடு முழுவதும் பரவியது. பணம் கட்ட முடியாத விவசாயியின் நோயைத் தனி ஒருவரின் சுமையாக விடக் கூடாது என்ற எண்ணம், மருத்துவர் கிடைப்பதே அரிதாக இருந்த சமவெளி ஊர்களில் வேர்கொண்டதில் வியப்பில்லை.

1951-ல் கோபால்ட்-60 கதிர்வீச்சால் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிப்பது உலகில் முதன்முதலாகத் தொடங்கிய இரு நகரங்களுள் சாஸ்கடூன் ஒன்று. சுமார் ஐந்நூறு பேர் வாழும் ஈஸ்ட்எண்ட் அருகே 1991-ல் கண்டெடுத்த டைரனோசரஸ் எலும்புக்கூடு, இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று.

தமிழர்களுக்கும் இந்த ஊர்களுக்கும் தொடர்பு உண்டா?

அன்றாடச் சமையலில் உண்டு. இலங்கையில் பருப்புக்கறி வைக்கும் செம்பருப்பை, தமிழ்நாட்டில் மைசூர்ப் பருப்பு என்று வழங்கும் அதே பருப்பை, உலகுக்கு மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. கனடாவின் விளைச்சலில் மிகப் பெரும்பங்கு சஸ்காச்சுவானுடையது. 1970-களில் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் பயிர் ஆய்வாளர்கள் இம்மண்ணுக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கிய பின்னரே இப்பயிர் இங்கே பரவியது. இந்தியா வாங்கும் மஞ்சள் பட்டாணியிலும் கணிசமான பங்கு இங்கிருந்து செல்கிறது. ரோஸ்டவுன், கிண்டர்ஸ்லி, ஸ்விஃப்ட் கரன்ட் ஆகியவற்றின் பெயரை அறியாத வீடுகளிலும் அவ்வட்டாரத்தின் பருப்பு கொதித்திருக்கக்கூடும்.

புதிதாக வருபவர் இந்த ஊர்களை அறிய எங்கிருந்து தொடங்கலாம்?

வாட்ரஸிலிருந்து தொடங்கலாம் என்பேன். அது அகரவரிசைப் பாதையில் உள்ள ஊர். அதன் அருகே உள்ள லிட்டில் மானிடோ ஏரியின் நீர் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பானது. நீந்தத் தெரியாதவரும் அதில் மிதப்பார். கரையில் 1920-களில் கட்டிய நடனக்கூடம் இன்னும் நிற்கிறது. அதன் மரத்தளத்துக்கு அடியில் குதிரை மயிரைப் பரப்பியிருப்பதால் ஆடுவோரின் காலடியில் தரை மெத்தெனத் தாழ்ந்து எழும். அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டியே வடமேற்காகச் சென்றால் ஜீனா, யங், செல்மா, ஆலன் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, எலிவேட்டர் நின்ற இடம் எது, பள்ளி எந்த ஆண்டில் மூடப்பட்டது, ஹாக்கி அரங்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று அங்கிருப்பவரைக் கேளுங்கள்.